எல்.எம். 386: மூலமும் பிரதிகளும்

சொந்தமாக ஒரு ஆடியோ ஆம்ப்ளிஃபையர் கட்டிப் பார்க்கணும்னு ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் போய் நிற்கிற இடம் எல்.எம். 386. எட்டுக் கால் உள்ள சின்ன ஐ.சி. கூட ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு ஸ்பீக்கர், நாலைந்து கெபாசிட்டர், ஒரு வால்யூம் கன்ட்ரோல். அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் பாட்டு கேட்கலாம். பாலிடெக்னிக் புராஜெக்ட், பள்ளி அறிவியல் கண்காட்சி, யூடியூப் வீடியோ, எங்கே பார்த்தாலும் இதேதான்.

இந்தக் குறிப்பில் நான் விமர்சிக்க நினைப்பது ஐ.சி.யை அல்ல, அதன் பெயரில் சுற்றிக்கொண்டிருக்கிற சர்க்யூட் படங்களை. சர்க்யூட் படமும் ஒரு பிரதிதான். ஒருவர் எழுதுகிறார், இன்னொருவர் பார்த்து எழுதுகிறார், மூன்றாமவர் அதில் ஒன்றை விட்டுவிடுகிறார். பழைய ஏடுகளைப் பதிப்பித்தவர்கள் பாடபேதம் பார்த்ததுபோல, எல்.எம். 386க்குக் கிடைத்த படங்களை டேட்டாஷீட்டோடு வரிசையாக ஒப்பிட்டுப் பார்த்தேன். எது தொலைகிறது, எது ஒட்டிக்கொள்கிறது என்பதில் ஒரு ஒழுங்கு தெரிகிறது. ஒரு பாகம் இல்லாவிட்டால் உடனே தெரிந்துவிடும் என்றால் அது பிழைத்துக்கொள்கிறது. இல்லாவிட்டாலும் முதல் ஐந்து நிமிஷம் பாட்டு வரும் என்றால் அது காணாமல் போகிறது. சத்தத்தைக் கூட்டுகிற பாகமோ தேவை இல்லாத இடத்திலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதைப் புரிந்துகொள்ள ஐ.சி. என்ன செய்கிறது என்று கொஞ்சம் பார்க்கணும்.

உள்ளே நடப்பது

ஃபோனின் ஹெட்ஃபோன் துளையில் வரும் சிக்னல் 32 ஓம் ஹெட்ஃபோனை ஓட்டுவதற்கு அளவானது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அதே வோல்டேஜில் நாலு மடங்கு கரன்ட் வேண்டும், போதாததற்கு வோல்டேஜும் கூட வேண்டும். ஆம்ப்ளிஃபையர் இரண்டையும் தருகிறது.

எல்.எம். 386இல் எத்தனை மடங்கு என்பதை உள்ளே இருக்கும் மூன்று ரெசிஸ்டர்கள் முடிவு செய்கின்றன: 15,000 ஓம், 1,350 ஓம், 150 ஓம். முதலாவதை இரண்டால் பெருக்கி, மற்ற இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 20. வெளியே எதுவும் சேர்க்காவிட்டால் 20 மடங்கு. ஒன்றாம் காலுக்கும் எட்டாம் காலுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போட்டால், ஒலி சிக்னலைப் பொறுத்தவரை அந்த 1,350 ஓம் இல்லாத மாதிரி ஆகிவிடும். 30,000ஐ 150ஆல் வகுக்க, 200 மடங்கு. உள்சர்க்யூட் படம் டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இந்த ஐ.சி.யின் உண்மையான கெட்டிக்காரத்தனம் வேறு இடத்தில் இருக்கிறது. உள்ளே வரும் சிக்னல் கிரவுண்டை ஒட்டி மேலும் கீழும் ஆடலாம். வெளியே போகும் சிக்னலோ பேட்டரி வோல்டேஜின் சரிபாதியில், 9 வோல்ட் என்றால் 4.5 வோல்டில், தானாகவே போய் நிற்கும். அதனால்தான் ஒரே ஒரு பேட்டரியில் வேலை நடக்கிறது, பயாஸ் ரெசிஸ்டர் எதுவும் வெளியே தேவைப்படவில்லை. ஆனால் அந்த 4.5 வோல்ட் ஸ்பீக்கருக்குப் போகக் கூடாது. போனால் காயில் அரை ஆம்பியருக்கு மேல் நேர்மின்சாரம் ஓட முயலும். அதைத் தடுக்கத்தான் வெளியீட்டில் பெரிய கெபாசிட்டர். இதை எந்தப் பிரதியும் விடுவதில்லை. விட்டால் ஸ்பீக்கர் கோன் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும், ஐ.சி. கொதிக்கும், உடனே தெரிந்துவிடும்.

தொலைந்துபோனவை

அதே வெளியீட்டுக் காலிலிருந்து கிரவுண்டுக்கு டேட்டாஷீட் இன்னொரு ஜோடியையும் காட்டுகிறது: 10 ஓம் ரெசிஸ்டரும் 0.05 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் தொடராக. இதைத்தான் பிரதிகள் அதிகம் தொலைக்கின்றன. ஸ்பீக்கர் என்பது வெறும் 8 ஓம் அல்ல, அது ஒரு காயில். அதிர்வெண் ஏற ஏற அதன் தடையும் ஏறும். காது கேட்காத உயரத்தில் ஐ.சி.க்குச் சரியான சுமையே இல்லாத மாதிரி ஆகும்போது அது தானாகவே ஊசலாடத் தொடங்கலாம். இந்தச் சின்ன ஜோடி அந்த உயரத்திலும் ஒரு சுமையைக் கொடுத்து அதை அடக்கி வைக்கிறது. இது இல்லாவிட்டாலும் பாட்டு வரும். கொஞ்சம் கரகரப்பாக வரும், ஐ.சி. காரணமில்லாமல் சுடும், பேட்டரி சீக்கிரம் தீரும். ஆனா கட்டினவர் 'சின்ன ஐ.சி. தானே, இப்படித்தான் இருக்கும் போல'ன்னு விட்டுவிடுவார்.

அடுத்தது ஏழாம் கால். அங்கிருந்து கிரவுண்டுக்கு ஒரு கெபாசிட்டர் போடச் சொல்கிறது டேட்டாஷீட். 10 மைக்ரோஃபாரட் போட்டால் சப்ளையில் வரும் இரைச்சல் 50 டெசிபல் அடங்கும், அதாவது சுமார் முந்நூறில் ஒரு பங்காகக் குறையும். புதுப் பேட்டரியில் இதன் அருமை தெரியாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒரு மலிவான அடாப்டரைச் செருகினால் தெரியும்.

மூன்றாவதாகச் சொல்லப்போவதில் மூலத்தின் மீதே எனக்குக் குறை உண்டு. பேட்டரிக்குக் குறுக்கே, ஐ.சி.க்குப் பக்கத்திலேயே, ஒரு பெரிய கெபாசிட்டரும் ஒரு 0.1 மைக்ரோஃபாரடும் இருக்க வேண்டும். டேட்டாஷீட்டின் மாதிரிப் படங்களில் மின்சாரம் வெறும் ஒரு சப்ளைக் குறியோடு முடிந்துவிடுகிறது, கெபாசிட்டர் இல்லை. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விடுவார்கள், குத்தினால் ஓலை கிழியும் என்பதால். தமிழ் தெரிந்தவன் புள்ளியைத் தானே போட்டு வாசித்துக்கொள்வான். டேட்டாஷீட் எழுதப்பட்டதும் அப்படித் தெரிந்த எஞ்சினியர்களுக்குத்தான். சப்ளைக்கு கெபாசிட்டர் வேண்டும் என்று அவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதே படம் பதினாறு வயசுப் பையன் கைக்கு வரும்போது யாராவது அந்தப் புள்ளியை வைத்துக் கொடுத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. 9 வோல்ட் பேட்டரிக்கும் உள்தடை உண்டு, பழசாக ஆக அது கூடும். பாட்டில் ஒரு அடி விழுந்ததும் வோல்டேஜ் சரியும், அந்தச் சரிவு ஐ.சி.க்குள் திரும்ப நுழையும். ஸ்பீக்கரில் 'டுப் டுப் டுப்' என்று படகு மோட்டார் மாதிரி ஒரு சத்தம். பலரும் அதை ஐ.சி. கெட்டுப்போனதன் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒட்டிக்கொண்டது

எனக்கு மிகவும் உறுத்துவது, கழிந்தவற்றை விட, கூடிப்போன ஒன்று. பெரும்பாலான படங்களில் ஒன்றுக்கும் எட்டுக்கும் நடுவே அந்த 10 மைக்ரோஃபாரட் தவறாமல் இருக்கிறது. உள்ளே வருவது ஃபோன் சிக்னல் என்றாலும் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 9 வோல்டில் இந்த ஐ.சி. உச்சிக்கு உச்சி ஆறேழு வோல்ட் ஆடலாம், அதற்கு மேல் இடமில்லை. 20 மடங்கு என்றால் உள்ளே 0.3 வோல்ட் போதும், முழுச் சத்தம் வந்துவிடும். ஃபோன் அதைத் தாராளமாகத் தரும். 200 மடங்கு என்றால் 0.03 வோல்டிலேயே கூரையில் இடித்துவிடும். வால்யூம் குமிழை ஒரு மயிரிழை திருப்பியதும் அலறல், அதற்குக் கீழே மௌனம். குமிழின் மீதிச் சுற்று முழுக்க வீண். கூடவே உள்ளே நுழையும் இரைச்சலும் பத்து மடங்கு.

இதோடு கிரவுண்டு விவகாரமும் சேர்ந்துகொள்ளும். படத்தில் எல்லா கிரவுண்டுக் குறியும் ஒன்றுதான். பிரெட்போர்டில் அப்படி இல்லை. ஸ்பீக்கர் கரன்ட் திரும்புகிற அதே கம்பியில் உள்ளீட்டின் கிரவுண்டையும் கோர்த்தால், அந்தக் கம்பியில் 0.05 ஓம் இருந்து 0.2 ஆம்பியர் ஓடினால், 10 மில்லிவோல்ட் உண்டாகும். 200 மடங்கில் அது 2 வோல்ட்! விசில் அடிக்காமல் என்ன செய்யும்? 20 மடங்கில் அதே தப்பு 0.2 வோல்டோடு போகும். மடங்கைக் குறைத்தாலே பாதித் தொல்லை ஓடிவிடும். 200 மடங்கு மைக்ரோஃபோனுக்கும், சின்ன ரேடியோவின் டிடெக்டருக்கும் தேவைதான், அங்கே சிக்னலே சில மில்லிவோல்ட். ஃபோனுக்கு வேண்டாம். இந்த ஒரு வரியைப் படத்துக்குக் கீழே எழுதியவர்கள் குறைவு.

ஏன் ஒட்டிக்கொண்டது? எனக்குத் தோன்றுவது: வீடியோவில் சத்தமாகக் கேட்பது ஜெயிக்கிறது. 'பவர்ஃபுல் ஆம்ப்ளிஃபையர்' என்று தலைப்பு வைக்க வேண்டியிருக்கிறது.

எல்லா மாற்றமும் பிழை அல்ல

நியாயமாக இதையும் சொல்லணும். டேட்டாஷீட் வெளியீட்டு கெபாசிட்டரை 250 மைக்ரோஃபாரட் என்கிறது. 8 ஓமோடு சேர்ந்து 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி குறையத் தொடங்கும். ரிச்சி தெருவில் 250 கேட்டால் 220 எடுத்துத் தருவார்கள். அப்போது 90 ஹெர்ட்ஸ். ஒரு வித்தியாசமும் கேட்காது. சில படங்களில் 100 மைக்ரோஃபாரட் கூட இருக்கிறது. அதன் எல்லை 200 ஹெர்ட்ஸ். இரண்டு அங்குல ஸ்பீக்கர் எப்படியும் அதற்குக் கீழே பெரிதாக ஒன்றும் தராது, எனவே அதுவும் குற்றமில்லை. பெரிய ஸ்பீக்கர் வைத்தால் மாற்ற வேண்டும். அதேபோல 0.05க்குப் பதில் 0.047 போடுவது கடையில் கிடைக்கும் மதிப்பு, அவ்வளவே. காரணம் தெரிந்து மாற்றினால் அது பாடபேதம். தெரியாமல் விட்டால்தான் பிழை.

வாட் கணக்கு

எவ்வளவு சக்தி வரும் என்ற கேள்விக்கு 'அரை வாட்', 'ஒரு வாட்' என்று அடித்து எழுதுகிறார்கள். டேட்டாஷீட் இங்கே நேர்மையாகவே இருக்கிறது, நாம்தான் பாதி வரியை வாசிக்கிறோம். எல்.எம். 386 என்-1 வகைக்கு 6 வோல்டில், 8 ஓமில், 325 மில்லிவாட். என்-3 வகைக்கு 9 வோல்டில் 700 மில்லிவாட். இரண்டுக்கும் ஒரே நிபந்தனை: சிதைவு 10 சதவீதம். பத்து சதவீதம் என்றால் அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்பட்டுவிட்டது என்று பொருள். அதே தாளில் 6 வோல்ட், 8 ஓம், 125 மில்லிவாட்டுக்குச் சிதைவு 0.2 சதவீதம். நாம் 'நல்லா இருக்கு' என்று சொல்லக்கூடிய சத்தம் இந்த இரண்டாவது வரியில் இருக்கிறது.

125 மில்லிவாட் போதுமா? ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் தரும் ஸ்பீக்கர் என்றால், 125 மில்லிவாட்டில் 76 டெசிபல். சாதாரணப் பேச்சு 60 டெசிபல் அளவில். ஒரு அறைக்குத் தாராளம். ஆயிரக்கணக்கில் பி.எம்.பி.ஓ. வாட் ஸ்டிக்கர் ஒட்டிய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது நம்ப முடியாததாக இருக்கலாம். சத்தம் போதவில்லை என்று தோன்றினால் முதலில் பார்க்க வேண்டியது ஸ்பீக்கரை. வெறும் ஸ்பீக்கரை மேஜை மேல் வைத்தால் முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் ஓரத்தில் கலந்து ஒன்றையொன்று தின்றுவிடும், கீழ்ச் சுருதி எல்லாம் போய்விடும். ஒரு செருப்பு டப்பாவில் துளை போட்டு அதில் பொருத்திப் பாருங்க. நான் கேட்டவரை, 386இன் எந்தக் காலில் என்ன மாற்றினாலும் இந்த அளவு வித்தியாசம் வந்ததில்லை. ஆனால் சர்க்யூட் படத்தில் டப்பாவை வரைய இடமில்லையே!

எளிமை என்றால் என்ன

இனி பெரிய கேள்வி. முதல் ஆம்ப்ளிஃபையராக எல்.எம். 386ஐக் கொடுப்பது சரியா?

ஒப்பிட ஒரு பழைய உதாரணம். 1969 ஏப்ரலில் இங்கிலாந்தின் 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் ஜான் லின்ஸ்லி ஹூட் ஒரு ஆம்ப்ளிஃபையரை வெளியிட்டார். சேனலுக்கு நாலே டிரான்சிஸ்டர், கிளாஸ் ஏ, 10 வாட். அவரும் அதை எளிமையானது என்றுதான் அழைத்தார். இன்றும் உலகெங்கும் கட்டுகிறார்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 27 வோல்ட், 1.2 ஆம்பியர். பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் 32 வாட் சூடாகப் போய்க்கொண்டிருக்கும். ஹீட்சிங்க் இல்லாமல் நிமிஷத்தில் வெந்துபோகும். விலை, சூடு, சப்ளை, எதிலும் இது எளிமை இல்லை. ஆனால் நாலு டிரான்சிஸ்டரும் கண்ணெதிரே இருக்கின்றன, எது எதை ஓட்டுகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். அந்தக் கட்டுரையும் வெறும் படம் அல்ல. 1947இல் வந்த வில்லியம்சன் வால்வு ஆம்ப்ளிஃபையரை அளவுகோலாக வைத்துக்கொண்டு, ஏன் இப்படிச் செய்தேன் என்று ஹூட் விளக்குகிறார். மூலத்தோடு உரையும் சேர்ந்தே வந்தது.

386இன் எளிமை வேறு ரகம். சிக்கல் எல்லாம் இருக்கிறது, கறுப்புப் பிளாஸ்டிக்குக்குள் மூடி வைத்திருக்கிறது. அதில் தவறே இல்லை, ஐ.சி.யின் வேலையே அதுதான். ஆனால் மூடியிருப்பதில் ஒன்றையாவது வெளியே எடுத்துக் காட்டாமல் 'ஆம்ப்ளிஃபையர் கத்துக்கிட்டாச்சு' என்று சொல்ல முடியாது.

அதற்கு நான் பரிந்துரைப்பது ஒரு மாலை நேர வேலை. 386இன் ஐந்தாம் காலை நேராக ஸ்பீக்கருக்குக் கொடுக்காமல், பி.டி. 139, பி.டி. 140 ஜோடியின் இரண்டு பேஸுக்கும் சேர்த்துக் கொடுங்கள். ஒன்றின் கலெக்டர் 9 வோல்டுக்கு, மற்றதன் கலெக்டர் கிரவுண்டுக்கு. இரண்டு எமிட்டரும் ஆளுக்கு ஒரு 1 ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சேர்ந்து, கெபாசிட்டர் வழியாக ஸ்பீக்கருக்கு. வால்யூமை மிகக் குறைவாக வையுங்கள். பாட்டு நொறுங்கிக் கேட்கும், மெல்லிய இடங்களில் குரலே காணாமல் போகும். ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் விழித்துக்கொள்ளச் சுமார் 0.6 வோல்ட் கேட்கிறது. நடுவில் உள்ள அந்த இடைவெளியில் இரண்டுமே தூங்குகின்றன. இதுதான் கிராஸ்ஓவர் சிதைவு.

இப்போது ஐந்தாம் காலுக்கும் ஒவ்வொரு பேஸுக்கும் நடுவே ஒரு 1என்4148 டயோடு. மேல் பேஸிலிருந்து 9 வோல்டுக்கும், கீழ் பேஸிலிருந்து கிரவுண்டுக்கும் ஒவ்வொரு 470 ஓம். இரண்டு டயோடிலும் அம்பு 9 வோல்ட் பக்கமிருந்து கிரவுண்டு பக்கம் பார்க்க வேண்டும். டயோடுகள் அந்த 0.6 வோல்டை முன்கூட்டியே கொடுத்துவிடுகின்றன. நொறுங்கல் போய்விடும். 386க்குள் இருக்கும் வெளியீட்டுப் பகுதியிலும் இதே வேலைக்கு டயோடுகள் உண்டு, டேட்டாஷீட்டின் உள்சர்க்யூட் படத்தில் பார்க்கலாம். இதைக் காதால் கேட்டபின் அந்தப் படத்தைத் திறந்தால் அது வேறு படமாகத் தெரியும்.

யாருக்கு நஷ்டம்

இவ்வளவு சின்ன ஐ.சி.க்கு இவ்வளவு விசாரணையா என்று கேட்கலாம். பணத்தைப் பொறுத்தவரை நஷ்டம் ஒன்றுமில்லைதான், ஒரு டீ செலவு. நஷ்டம் வேறு. கண்காட்சிக்கு முந்தின ராத்திரி ஒரு மாணவன் படத்தில் உள்ளபடியே கட்டுகிறான். விசில் அடிக்கிறது. ஐ.சி.யை மாற்றுகிறான், மறுபடியும் விசில். சுற்றியிருப்பவர்கள் சொல்லும் பதில்கள் எல்லாருக்கும் தெரிந்தவை: 'டூப்ளிகேட் ஐ.சி.', 'பிரெட்போர்டு சரியில்ல', கடைசியில் 'அனலாக்னாலே அப்படித்தான், ராசி வேணும்'. போலி ஐ.சி.யும் லூஸான பிரெட்போர்டும் உண்மையில் உண்டு. ஆனால் படத்திலேயே மூன்று பாகம் குறைவு, ஒன்று அதிகம் என்று அவனுக்குச் சொல்ல ஆளில்லை. சொன்னபடி கேட்டும் வேலை செய்யவில்லை என்றால், காரணம் என்று ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கையே போய்விடுகிறது. அவன் அடுத்ததாக ரெடிமேட் போர்டு வாங்குவான். அதோடு அந்த ஆர்வம் முடிந்தது.

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது'ன்னு கையால் வேலை செய்பவர்கள் படிப்பைக் கிண்டல் செய்வது வழக்கம். இங்கே கையில் குறையில்லை, ஏடுதான் சரியில்லை.

ஆகவே என் கோரிக்கை சின்னது. 386 படத்தைப் பகிர்கிறவர்கள் 10 ஓம், 0.047 ஜோடியையும், ஏழாம் கால் கெபாசிட்டரையும், சப்ளை கெபாசிட்டர்களையும் சேர்த்து வரையுங்கள். ஒன்றுக்கும் எட்டுக்கும் நடுவே எதுவும் போடாதீர்கள், ஃபோனுக்கு 20 மடங்கு போதும். ஒவ்வொரு பாகத்துக்கும் பக்கத்தில் அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அரை வரி எழுதுங்கள். மொத்தம் பத்து வரி வராது. புதிதாகக் கட்டுகிறவர்கள் அந்த அரை வரி இல்லாத படத்தைக் கண்டால் ஒரு நிமிஷம் நின்று, டேட்டாஷீட்டைத் திறந்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு சால்டரிங் அயர்னைச் சூடாக்குங்கள்.